அம்மா பேரில் என் ரத்தம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம், அதாவது ஆளுக்கொரு மாத்திரை டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு சௌக்கியமா இருக்க முடியுமோ அவ்வளவு சௌக்கியம். நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையை நிமிர்த்தி ஒரு நாளைக்கு ஒருதடவையாவது வெயிலைப் பார்த்து நல்லா இருக்கணும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் என்னத்துக்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தாருன்னு நீ நினைப்ப. நீ போன் பண்ணினா உன் அம்மா உடனே ஸ்பீக்கர்ல போட்டுடறா, உன் தம்பி, அவன் பொண்டாட்டி, வந்திருந்தா சம்பந்தியம்மா, எல்லாரும் சுத்தி உக்காந்து ரேடியோ நாடகம் கேக்கற மாதிரி கேக்கறாங்க, அங்க வச்சு இதைச் சொல்ல முடியாது. முதல்ல விஷயத்துக்கு வந்துடறேன். நம்ம வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த பொண்ணு மேல புகார் எழுதப் போறதாச் சொன்னியே, அதை எழுதாத. எழுதியிருந்தா அனுப்பாத. அனுப்பியிருந்தா திரும்ப வாங்கிக்க. ஏன்னு சொல்றேன், பாதியில கோவம் வந்து கசக்கிப் போட்டுடாம கடைசி வரைக்கும் படி.

உன் தம்பி மக வாலு இப்ப நல்லாவே இருக்கா. பத்து மாசக் குழந்தையில சர்க்கரை வந்தவ, ஏழு வயசுக்குள்ள ஒரு ஆஸ்பத்திரியில உள்ள அத்தனை வாசலும் தெரிஞ்சு வச்சிருக்கிறவ, அதுக்காகக் கொஞ்சமாவது அடக்கம் இருக்கான்னா அதுதான் இல்ல. சர்க்கரை அளக்க அவ கையில ஒட்டியிருக்கிற அந்தச் சின்ன மிஷின் கூவினா வீடே ஓடுது, ஒருத்தர் ஜூஸ் எடுக்க, ஒருத்தர் ஊசி எடுக்க, ஒருத்தர் சும்மா பதற. அது அவளுக்கும் தெரிஞ்சு போச்சு. கணக்கு வீட்டுப்பாடம்னு சொன்னாப் போதும், தாத்தா தலை சுத்துதுன்னு சோபாவுல சாய்ஞ்சுக்கறா. நான் போனை எடுத்து நம்பரைப் பார்த்தா நூத்திப் பதினெட்டுன்னு அழகா நிக்குது. இந்த வீட்ல பொய் சொல்லத் தெரியாத ஒரே ஜீவன் அந்த மிஷின்தான். மத்தவங்க கதையைக் கீழ படி.

நீ வேலை பார்க்கிற இடத்துல, பால்குடி வயசுலயே சர்க்கரை வர்ற குழந்தைகளையும் பரம்பரையா எதிர்ப்புசக்தி கோளாறு வர்ற குடும்பங்களையும் சேர்த்து ஆராய்ச்சி பண்றாங்க, அதுல நம்ம குடும்பத்தையும் சேர்க்கறாங்கன்னு நீ சொன்னப்ப எல்லாருக்கும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி பெருமை. நீ பொறுமையா விளக்கினதும் ஞாபகம் இருக்கு. உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான், அவனைப் போதும் நிறுத்துன்னு சொல்ற பிரேக் நம்ம வாலுவுக்குச் சரியாப் பிடிக்கல, அதனால அவன் திருடனை விட்டுட்டு வீட்டு ஆளுங்களைப் போட்டு அடிக்கறான், கணையத்தை அடிச்சான், சர்க்கரை வந்துச்சு, தைராய்டை அடிச்சான், இப்ப நுரையீரல் பக்கம் திரும்பியிருக்கான்னு. எனக்கு நல்லாப் புரிஞ்சது, நாற்பத்தோரு வருஷமா நான் குடும்பம் நடத்தறது அந்த மாதிரி காவலுக்குள்ளதானே. அந்தப் பிரேக்கைப் பிடிக்க வைக்க ஒரு ஊசி இருக்கு, சர்க்கரைக்குப் போடற ஊசி நிக்காது, ஆனா நுரையீரல் தப்பிச்சுக்கும்னு சொன்ன. ஆனா வாலு ரத்தத்துல இருக்கிற மாற்றம் உலகத்துல இதுவரைக்கும் யார்கிட்டயும் பார்க்காத மாற்றமாம் (அதுலயும் அவளுக்குத் தனி கெத்து), அதுதான் குற்றவாளின்னு உறுதி பண்ண குடும்பத்துல யார் யாருக்கு இருக்குன்னு பார்க்கணும், உறுதியானாத்தான் டாக்டர் குழு சம்மதிக்கும், அந்தக் குழு மூணு மாசத்துக்கு ஒருதடவைதான் கூடும்னு சொன்ன. இதையெல்லாம் நான் காதுல வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டும் செஞ்சேன், அதுதான் கொடுமை.

முதல்ல உன் தம்பியும் அவன் பொண்டாட்டியும் ரத்தம் கொடுத்தாங்க. உன் தம்பிகிட்ட இருந்துதான் வந்திருக்குன்னு தெரிஞ்சது. அன்னைக்கு சம்பந்தியம்மா முகத்தை நீ பார்த்திருக்கணும். பொண்ணுக்கு ஆறுதல் சொல்ல வந்தவங்க, எங்க பக்கம் இல்லைன்னு நான் அப்பவே சொன்னேனேன்னு சொல்லிட்டு ரெண்டு டம்ளர் டீ குடிச்சாங்க. நீ அனுப்பின அந்த வட்டமும் சதுரமும் போட்ட குடும்பப் படிவத்துல, செத்துப் போனவங்களுக்குக் காரணம் எழுதச் சொல்லியிருந்தியே, அவங்க பக்கத்துல அத்தனை பேருக்கும் முதுமைன்னு எழுதியிருந்தாங்க. முப்பத்திநாலு வயசுல போன அவங்க சித்தப்பாவுக்கும் முதுமை. நான் ஒண்ணும் கேக்கல, சீக்கிரமே முத்திட்டார் போலிருக்குன்னு விட்டுட்டேன். இனிமே உன் தம்பிக்கு அது என்கிட்ட இருந்து வந்ததா, உன் அம்மாகிட்ட இருந்து வந்ததான்னு பார்க்க வேண்டியதுதான் பாக்கின்னு நீ சொன்ன. அதைக் கேட்டதுல இருந்து உன் அம்மா சரியாச் சாப்பிடல. அடுப்புல பாலை வச்சுட்டு நின்னுக்கிட்டே இருப்பா, பால் பொங்கி வழியும், பார்த்துக்கிட்டே இருப்பா. கேட்டா ஒண்ணுமில்லம்பா.

எனக்குத் தெரியாதா ஒண்ணுமில்லன்னா என்னன்னு. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், எட்டு வயசுல போயிட்டான், உனக்கு அதுக்கு மேல தெரியாது. எனக்கும் அவ்வளவா தெரியாது, கல்யாணமான புதுசுல ஒரேயொரு தடவை சொன்னா, எந்நேரமும் தாகம் தாகம்னு இருந்தான், துணி மாதிரி மெலிஞ்சான், மூணு வாரத்துல முடிஞ்சு போச்சுன்னு. அந்தக் காலத்துல அவங்க இருந்த இடத்துல அது சர்க்கரைன்னு சொல்ல ஆள் இல்ல. வாலுவுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்ச அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல உன் அம்மா என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது. அதனால நான் என்ன நினைச்சேன்னா, இது அவ பக்கத்துல இருந்துதான் வந்திருக்கும், இதுல சந்தேகமே இல்ல, காகிதத்துல அது அச்சாகி வந்தா அவ தாங்க மாட்டா, பேத்தி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னாலதான்னு உருகிப் போயிடுவா, சம்பந்தியம்மா வேற டீயோட வந்து உக்காந்துக்குவாங்க. எனக்கென்ன, இந்த வீட்ல குழாய் ஒழுகினாலே நான்தான் திட்டு வாங்கறேன், இதையும் வாங்கிக்கறேன்னு நினைச்சேன்.

ரத்தம் எடுக்க அந்தப் பொண்ணு வந்த நாள் வாலு வீட்டை ரெண்டாக்கிட்டா. எங்க ரெண்டு பேர்கிட்டயும் எடுத்து முடிச்சாச்சு, வாலுகிட்ட இன்னொரு தடவை வேணும்னு நீங்க கேட்டிருந்தீங்க, அவ கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா. அந்தப் பொண்ணு தானும் தரையில படுத்து அவகிட்டப் பேச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கு. அப்படித் தரையில படுக்கறதுக்கு முன்னால, சாப்பாட்டு மேஜையில ரெண்டு குழாயையும் நீங்க அனுப்பின லேபிளையும் காட்டி, இது உங்களுது, இது அம்மாவுது, ஐயா நீங்களே ஒட்டிடறீங்களா, மருந்துக் கிடங்குல முப்பத்தொரு வருஷம் லேபிள் ஒட்டினேன், ஒண்ணுகூடத் தப்பினதில்லன்னு சொன்னீங்களேன்னு கேட்டுச்சு. சொன்னேன்தான். வந்ததுல இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், ஓய்வு பெத்தவன் வேற என்னத்தைச் சொல்லுவான். ஒட்டினேன். அவ ரத்தத்துல என் பேரை, என் ரத்தத்துல அவ பேரை. மூலை மடங்காம, நேரா, நகத்தால நீவி விட்டு. தப்பா ஒட்டின முதல் லேபிள் அது, அதைக்கூட அழகாத்தான் ஒட்டினேன்.

இப்ப நீ சிரிப்ப, இல்ல தலையில அடிச்சுக்குவ. முப்பத்தொரு வருஷம் மருந்துக்கு நடுவுல இருந்தவனுக்கு, ரத்தத்துல ஆணா பொண்ணான்னு தெரியும்ங்கறது தோணல பார். நீ போன் பண்ணி, அம்மா பேர்ல வந்த ரத்தம் ஆம்பளை ரத்தம், அப்பா பேர்ல வந்தது பொம்பளை ரத்தம்னு சொன்னப்ப வீடே விழுந்து விழுந்து சிரிச்சது. உன் தம்பி என்னைப் பார்த்து இனிமே நீங்கதான் சமைக்கணும்னான். சம்பந்தியம்மா புடவையை வாய்ல வச்சுக்கிட்டுக் குலுங்கினாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்ண. அப்புறம் நீ சொன்னதுதான் சிரிப்பை நிறுத்திச்சு. ஒட்டினவங்க மாத்தி ஒட்டியிருக்காங்க, ஆனா நாமளா மாத்திப் போட்டுக்க முடியாது, புதுசா எடுத்தாத்தான் செல்லும், அதுவரைக்கும் நம்ம குடும்பத்து பைலை ஓரமா வச்சுடுவாங்க, இந்தத் தடவை குழு கூடறதுக்குள்ள வரலைன்னா இன்னும் மூணு மாசம்னு சொன்ன.

உன் அம்மா மறுநாளே போய்க் கொடுத்துடலாம்னா. அவ முன்னாடி நிக்கறா, நான் பின்னாடி இழுக்கறேன். வெயில் கொதிக்குதுன்னேன். அந்தப் பொண்ணு வேலை பார்க்கிற ஆய்வகத்துல ஆள் லீவுன்னேன். எனக்கு வயிறு சரியில்லைன்னேன், அது எப்பவும் சரியில்லாததுனால யாரும் சந்தேகப்படல. பயத்தை மறைச்சுக்கிட்டு எவ்வளவு தைரியமா நிக்கறான்னு அவளைப் பத்தி உள்ளுக்குள்ள மெச்சிக்கிட்டேன் வேற. இப்படியே பதினோரு நாள் ஓட்டினேன். பன்னண்டாம் நாள் காலையில வாலுவுக்கு மூச்சு இரைச்சு, நெஞ்சுல சளி கட்டி, ஆஸ்பத்திரியில சேர்த்தோம். உனக்குத் தெரியும் அந்த அஞ்சு நாள். உனக்குத் தெரியாதது, அங்க வாலுவைப் பார்த்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு, இவளுக்கு அந்த ஊசி சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது, எதுக்குக் காத்திருக்கீங்கன்னு என்னைத்தான் கேட்டாங்க. குழாய் மாட்டின கையால வாலு எனக்கு டாட்டா காட்டறா. நான் கேவலமான ஆளுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஒருத்தியைக் காப்பாத்தறேன்னு இன்னொருத்தி மூச்சுல கை வச்சிருக்கேன். கீழ இறங்கி வந்து உன் அம்மாவைக் கூட்டிக்கிட்டு நேரா ஆய்வகத்துக்குப் போனேன். இந்தத் தடவை லேபிள் பக்கமே திரும்பல, கையைக் கட்டிக்கிட்டுச் சுவரைப் பார்த்து உக்காந்திருந்தேன்.

அப்புறம் நீ போன வாரம் போன் பண்ணின. ஸ்பீக்கர். எல்லாரும் ஆஜர். அது அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு, அம்மாவுக்கு இல்லவே இல்லன்னு சொன்ன. உறுதியாயிடுச்சு, குழு கூடறதுக்கு ரெண்டு நாள் முன்னால பைல் போய்ச் சேர்ந்துடுச்சுன்னும் சொன்ன, அந்த ஒரு புண்ணியம் மட்டும் மிச்சம். என் விரல்ல இருபது வருஷமா இருக்கிற வெள்ளைத் திட்டும், நீங்க எல்லாரும் நாடகம்னு சொன்ன என் வயிறும் அதோட வேலைதானாம். நாற்பது வருஷம் என் வயித்தை யாரும் நம்பல, கடைசியில உங்க ஆராய்ச்சிதான் நம்பிச்சு. கொஞ்சநேரம் அந்தப் பெருமையில உக்காந்திருந்தேன். அப்புறம்தான் உறைச்சது. நான் ஒட்டின லேபிளை உங்க ஆளுங்க அப்படியே நம்பியிருந்தா, என் ரத்தத்துல இருந்த குற்றம் அவ பேர்லல்ல அச்சாகி வந்திருக்கும். அவளைக் காப்பாத்தறேன்னு, அவகிட்ட இல்லாத பழியை எடுத்து, நகத்தால நீவி அவ மேல ஒட்டியிருக்கேன். அடப்பாவின்னு என்னை நானே சொல்லிக்கிட்டேன், வேற யார்கிட்டயும் சொல்ல முடியல, ஏன்னா அந்த நேரம் பார்த்து நீ, அந்த ஆய்வகத்துப் பொண்ணு கவனக்குறைவால பதினோரு நாள் போச்சு, சும்மா விடப் போறதில்லன்னு சொல்லிக்கிட்டு இருந்த.

அதனால நேத்து காலையில நானே அங்க போய் மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, எழுதியும் கொடுத்துட்டேன். பாவம், அந்தப் பொண்ணை வீடுகளுக்கு அனுப்பாம மூணு வாரமா டோக்கன் கிழிக்க உக்கார வச்சிருக்காங்க. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டுச்சு. நான் பண்ணினதைச் சொன்னேன். கையில இருந்த டோக்கன் கட்டைக் கீழ வச்சுச்சு. அப்புறம், ஐயா லேபிளை நான்தான் ஒட்டியிருக்கணும், உங்ககிட்டக் கொடுத்தது என் தப்புதான்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுச்சு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். மேனேஜர் நாளையில இருந்து பழைய வேலைக்கே அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். நீ எழுதறதா இருந்தா என் மேல எழுது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாகிட்டயும் சொன்னேன். மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை, கேட்டுட்டு திட்டுவா, அப்புறம் எனக்காக இவ்வளவு பண்ணினீங்களான்னு கண்ணு கலங்குவான்னு. கண்ணு கலங்கிச்சு, ஆனா அதுக்கு இல்ல. துணியை அப்படியே போட்டுட்டுத் தரையில உக்காந்துட்டா. நீங்க என்ன நினைச்சீங்க, என் பேர்ல வந்துடுமோன்னு நான் பயந்தேன்னா, வரணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் சொன்னா. அவ தம்பிக்குத் தாகம் தாகம்னு இருந்தப்ப அவன் ராத்திரியில பாயை நனைச்சுடுவானாம், அதுக்கு அவங்க அப்பா அடிப்பாராம், அடி வாங்காம இருக்கட்டும்னு பன்னண்டு வயசுக்காரி சாயங்காலமே தண்ணிக் குடத்தை ஒளிச்சு வச்சாளாம். அக்கா ஒரு வாய், அக்கா ஒரு வாய்னு கேட்டானாம். கொடுக்கலையாம். ஒரு வாரம். அதுலதான் செத்தான்னு அம்பத்திரெண்டு வருஷமா மனசுக்குள்ள வச்சிருக்கா. உங்க ஆராய்ச்சிக் காகிதத்துல அவ பேருக்கு நேரா உண்டுன்னு வந்திருந்தா, தம்பி போனது ரத்தத்தாலதான், என்னால இல்லன்னு ஒரு தடவை நிம்மதியா மூச்சு விட்டிருப்பேன்னு சொன்னா. இல்லன்னு வந்துடுச்சே, அப்ப நான்தானேன்னு கேக்கறா. நாற்பத்தோரு வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கேன் கண்ணு, அவ எதுக்குப் பயந்தான்னு எனக்குத் தெரியல.

நான் சொன்னேன், அப்படி இல்ல, அவனுக்கு வந்தது வேற சர்க்கரையா இருக்கும், பரம்பரையே இல்லாமயும் எத்தனையோ குழந்தைங்களுக்கு வருது, வாலு வார்டுலயே பத்து பேரைப் பார்த்தோமே, ஊசி இல்லாம அவன் பிழைச்சிருக்க மாட்டான், குடம் முழுக்கக் குடிச்சிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டான்னு, எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் சொன்னேன். சரியாச் சொன்னேனான்னு நீதான் சொல்லணும், ஆனா மனசாரச் சொன்னேன். முழுசாக் கேட்டா. கேட்டுட்டு என் முகத்தைப் பார்த்து, இதுவும் எனக்காக மாத்தி ஒட்டறதுதானேன்னு கேட்டா. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் கேட்டா.

ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு நீ அங்கயே கிடக்கறியேன்னு எத்தனையோ தடவை குறைபட்டிருக்கேன், அதையெல்லாம் மறந்துடு. இந்தக் கடிதம் கிடைச்ச அன்னைக்கே அவளைக் கூப்பிடு. எட்டு வயசுப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு நீ படிச்ச படிப்புல என்ன தெரியுமோ அதை அவகிட்டச் சொல்லு, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. எனக்காக ஒரு வார்த்தை கூட்டாத, அவளுக்காக ஒரு வார்த்தை குறைக்காத. இந்த வீட்ல உண்மை சொன்னா நம்பறதுக்கு இப்ப அவளுக்கு உன்னை விட்டா ஆள் இல்ல.

குழு சம்மதிச்சாச்சு, வாலுவுக்கு முதல் ஊசி அடுத்த மாசம் ஏழாம் தேதி, அவங்க அப்பாவும் அம்மாவும் கூட்டிக்கிட்டுப் போறாங்க, நான் வெளியில பெஞ்சுல உக்காந்துக்கறேன். உன் ரத்தத்தையும் பார்த்து, உனக்கு அந்தக் கோளாறு இல்லைன்னு வந்ததுல எனக்கு எவ்வளவு நிம்மதின்னு போன்ல சொல்ல விட்டுப் போச்சு. மூக்குக் கண்ணாடி பவர் பார்த்துக்க, ஆறு மாசமா சொல்றேன். நோய் நொடி இல்லாம, மனசுல பாரம் இல்லாம, ரொம்ப நாள் நல்லா இரும்மா.

எப்பவும் உன் நல்லதையே நினைக்கிற,
அப்பா